கருமணல் அனுப்பிய திருத்தம்

வெனிங் எழுதிய நிரலுக்குத் தித்திர் என்று பெயர். ஊருக்கு ஆபத்து வந்தால் மரமணியை மூச்சுவிடாமல் படபடவென்று அடிப்பார்கள் அல்லவா, அந்த அடிக்கு ஜாவாக்காரர்கள் சொல்லும் பெயர் அது. மெராபி மலையின் மேற்குச் சரிவில் இறங்கும் வுலுங் ஆற்றின் மேல் மூன்று இடங்களில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார்கள் தொங்கின. மேலே தொங்குபாலத்தில் ஒன்று, நடுவே தடுப்பணையில் ஒன்று, கீழே சாலைப் பாலத்தில் ஒன்று. மலைமேல் மழை கொட்டி, எரிமலைச் சாம்பலையும் பாறையையும் உருட்டிக்கொண்டு லஹார் என்ற சேற்று வெள்ளம் இறங்கினால், சென்சார்கள் சொல்வதைக் கேட்டுத் தித்திர் கரையோரச் சைரன்களை ஊதும். ஆற்றுக்குள் மணல் அள்ளிக்கொண்டிருப்பவர்களின் கைபேசிக்கெல்லாம் செய்தி போடும்.

பிழைப்புக்கு அவள் முந்திலான் ஊரில் கூட்டுறவுச் சங்கங்களின் கணினிகளைக் கவனித்துக்கொண்டாள். தித்திர் அவளுடைய சொந்த ஆசை. யாரையும் தொடவிடாமல் பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தாள். மடிக்கணினியில் ஒரு பிரதி, பென் டிரைவில் ஒன்று, ஆற்றங்கரையில் தொண்டர்கள் உட்காரும் கொட்டகைக் கணினியில் சில. 'புதுசு', 'ரொம்பப் புதுசு', 'இதுதான் கடைசி', 'நிஜமாகவே கடைசி' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். எது எதற்குப் பிந்தியது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒருநாள் கொட்டகையில் மின்சாரம் போய் வந்தது. தொண்டர்களின் தலைவர் பாக் (ஐயா) சுமார்தி கணினியை மறுபடி போட்டவர், 'புதுசு' என்றிருந்ததைத் திறந்து ஓடவிட்டார். பெயரைப் பார்த்தால் யார்தான் அதைத் தொடமாட்டார்கள்? உண்மையில் எல்லாவற்றிலும் பழையது அதுதான். அன்று பிற்பகல் லஹார் இறங்கியது. சைரன் வாயைத் திறக்கவில்லை. மணல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு லாரி சேற்றில் மாட்டியது. ஓட்டுநர் கூரைமேல் ஏறி நின்று கத்தினார். கரையிலிருந்து கயிறு வீசி அவரை இழுத்துக்கொண்டார்கள். லாரியைப் பிறகு சாலைப் பாலத்தின் தூணருகே, சக்கரம் மேலே தெரியக் கவிழ்ந்த நிலையில்தான் பார்க்க முடிந்தது.

அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் லிந்தாங் வந்தான். அவளோடு கல்லூரியில் படித்தவன். யோக்யகார்த்தாவில் வீட்டிலிருந்தபடியே எங்கோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறவன். வந்தவன் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டான்.

"இதுல என்ன மாத்தினே, எப்ப மாத்தினே, ஏன் மாத்தினே, உனக்கு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அந்த லாரி ஏன் ஆத்தோட போச்சு?"

அவன் கிட் என்ற ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தான். நிரலுக்கு இனி ஒரே வீடு. ஒரு வரியை மாற்றினாலும், மாற்றியவர் பெயரும் காரணமும் எழுதி அதை அங்கே பதிய வேண்டும். பழையது எதுவும் அழியாது. எந்த நாளுக்கும் திரும்பிப் போகலாம். கொட்டகைக் கணினி அந்த வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும், வேறெங்கிருந்தும் எடுக்காது. இதுவரை அவளுக்குப் பிடித்தது. அடுத்துச் சொன்னதுதான் பிடிக்கவில்லை. அந்த வீட்டை இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிடலாம் என்றான். அவள் காய்ச்சலில் படுத்துவிட்டால் யார் பார்ப்பது? நாலு பேர் கண் பட்டால் பிழை தெரியும் அல்லவா?

"திறந்த வீட்டுக்குள்ள நாய் நுழையாதா?"

"நுழைஞ்சா என்ன? பாக்கத்தான் முடியும். ஒரு நகல் எடுத்துட்டுப் போய் அதுல மாத்தி, 'இப்படிச் செஞ்சா நல்லா இருக்குமே'ன்னு உன்கிட்ட கேக்கலாம். அதைச் சேக்கறதும் தள்ளறதும் உன் கையில."

சேர்ப்பதற்கான அனுமதி இரண்டு பேருக்கு இருக்கட்டும் என்று முடிவானது. வெனிங்குக்கு ஒன்று, அவசரத்துக்கு லிந்தாங்குக்கு ஒன்று. அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டாள். பணப்பெட்டியை நடுத்தெருவில் வைத்துவிட்டு, பூட்டு நல்ல பூட்டு என்று சொல்வதுபோல இருந்தது அவளுக்கு.

பல வாரங்களாக நாய் ஒன்றும் நுழையவில்லை. அவள் நிம்மதியாகிவிட்டாள். அப்போதுதான் முதல் திருத்தம் வந்தது.

அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஜாவா மொழியில் கருமணல் என்று மட்டும் இருந்தது. படம் இல்லை, ஊர் இல்லை, இதற்கு முன் எங்கும் எதையும் செய்த தடயம் இல்லை. தித்திருக்கு எழுதுவதற்காகவே பிறந்ததுபோல ஒரு கணக்கு. திருத்தமோ சின்னது. வெயில் இல்லாத நாட்களில் சென்சாரின் மின்கலம் சீக்கிரம் தீராமல் இருக்க ஒரு வழி. சரியான வழி. லிந்தாங் பார்த்து நன்றாயிருக்கிறது என்றான். அவள் சேர்த்துக்கொண்டாள். ஆனால் யார் இது என்ற கேள்வி அன்றே காலில் முள்ளாக ஏறிவிட்டது.

இரண்டாவது திருத்தம் எச்சரிக்கைச் செய்தியின் வாசகத்தைப் பற்றியது. "மதிப்பிற்குரியோரே, ஆற்றின் மேற்பகுதியில் நீர்மட்டம் உயர்ந்துள்ளபடியால்" என்று வெனிங் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை மாதிரி எழுதியிருந்தாள். கருமணல் அதை அடித்துவிட்டு, "ஏறு! இப்பவே!" என்று போட்டிருந்தது. கீழே ஒரு வரிக் காரணம்: மணல் அள்ளுகிறவன் கை ஈரமாயிருக்கும், கைபேசியை ஒருதடவைதான் எட்டிப் பார்ப்பான்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்ததே பயமாகவும் இருந்தது. இது தூரதேசத்து ஆள் எழுதியதில்லை. ஆற்றுக்குள் கால் வைத்த ஆள். ஆற்றுக்குள் கால் வைக்கிற ஆள் ஏன் முகத்தை மூடிக்கொண்டு வரவேண்டும்?

அந்த மாதம் பொய் எச்சரிக்கைகள் தொடங்கின. பிற்பகலில் மேல் சென்சார் திடீரென்று மட்டம் ஏறுகிறது என்று சொல்லும். சைரன் ஊதும். ஆற்றிலிருந்து எல்லோரும் கரையேறுவார்கள். தண்ணீர் கணுக்காலைத் தாண்டாது. ஒருமுறை, இன்னொருமுறை, பிறகும் ஒருமுறை. மணல் கிடங்கு வைத்திருந்த பாக் த்ரிஹார்ஜோ கொட்டகைக்கே வந்துவிட்டார். ஆற்றில் ஓடும் லாரிகளில் பாதிக்குமேல் அவருடையவை. கிராம்பு சிகரெட்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, கத்தாமல், சிரித்த முகமாகவே பேசினார்.

"உங்க மிஷினுக்கு மேகத்தைப் பாத்தாலே காய்ச்சல் வந்துடுதேம்மா. ஒரு வைத்தியர்கிட்ட காட்டக் கூடாதா?"

பாக் சுமார்தி சமாதானம் சொல்லி அனுப்பினார். த்ரிஹார்ஜோ வந்துபோன சில நாட்களில் கருமணலின் மூன்றாவது திருத்தம் வந்தது. மேல் சென்சார் மட்டும் ஏறினால் சைரன் ஊதக்கூடாது. தடுப்பணைச் சென்சாரும் அதையே சொன்னபிறகுதான் ஊதவேண்டும்.

வெனிங் உடனே கணக்குப் போட்டுப் பார்த்தாள். தொங்குபாலத்திலிருந்து தடுப்பணைக்கு லஹார் வந்துசேர எடுக்கும் நேரம்தான் மணல்காரர்கள் பிழைத்துக்கொள்ளும் நேரம். அதைத் தின்றுவிடும் திருத்தம் இது. அதனால் யாருக்கு லாபம்? லாரி நிற்காமல் ஓடவேண்டியவருக்கு. ஆதாயம் இல்லாமல் யாராவது ஆற்றைக் கட்டி இறைப்பார்களா? முதல் இரண்டும் தூண்டில் புழு, மூன்றாவதுதான் முள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. திருத்தத்தோடு ஏதோ ஒரு வரைபடமும் நீண்ட விளக்கமும் இருந்தன. அவள் அவற்றைத் திறக்கவில்லை. திருடன் எழுதிய விண்ணப்பத்தை யார் படிப்பார்கள்?

திருத்தத்தைப் படிக்காமல் ஆளைப் படிக்க ஆரம்பித்தாள். கருமணல் எழுதுவதெல்லாம் நண்பகலில். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் ஒருபோதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அறவே இல்லை. மணல் கிடங்கில் எடைமேடை சாப்பாட்டுக்கு மூடுவது நண்பகலில். ஞாயிறு விடுமுறை. அவளுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களின் கைபேசி எண் வாங்கவேண்டும் என்ற சாக்கில் கிடங்குக்குப் போனாள். எடைமேடையின் தகரக் குடிசைக்குள் ஓர் இளைஞன் உட்கார்ந்து ஒரு கையால் குப்பாட் தாஹு சாப்பிட்டுக்கொண்டே மறுகையால் மடிக்கணினியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். அவள் நிழல் வாசலில் விழுந்ததும் கணினியை மூடிவிட்டான். பாக் த்ரிஹார்ஜோவின் கடைசிப் பையன், ராகில். செமாராங்கில் கணினி படித்தவன் என்று கேள்விப்பட்டிருந்தாள். எண்களை மரியாதையாக எழுதிக் கொடுத்தான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"என்ன எழுதிட்டிருந்தீங்க தம்பி?"

"எடைக் கணக்கு அக்கா."

எடைக் கணக்கை எதற்கு மூடவேண்டும்? திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்ததுபோல இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் மூன்றாவது திருத்தத்தின் கீழே லிந்தாங் ஒரு வரி எழுதியிருந்தான்: யோசிக்கவேண்டிய விஷயம், விளக்கம் நன்றாக இருக்கிறது. ஏன் இன்னும் பதில் சொல்லாமல் கிடப்பில் போட்டிருக்கிறாய் என்று அவளுக்குத் தனியாகவும் செய்தி அனுப்பியிருந்தான், ஒருமுறைக்கு இரண்டுமுறை.

ஏன் இவனுக்கு இத்தனை அவசரம்? லிந்தாங் செமாராங்கில் ஒரு வருடம் பாடம் எடுத்தவன் என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. ராகில் படித்த அதே ஊர். நிரலைத் திறந்து வைக்கச் சொன்னவன் யார்? லிந்தாங். அனுமதி இரண்டு பேருக்கு வேண்டும் என்றவன் யார்? அவனே. இப்போது அவள் தூங்கும்போது அவன் ஒரு விசையைத் தட்டினால் போதும், திருத்தம் உள்ளே வந்துவிடும். இப்படி ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கப் பார்க்க, பத்து வருட நட்பு அவள் கண்முன்னே வேறு நிறமாக மாறியது. அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவனுடைய அனுமதியை நீக்கினாள்.

மறுநாள் காலையில் அவன் கூப்பிட்டான்.

"வெனிங், என் பேரை எடுத்துட்டியா, இல்ல தானா போயிடுச்சா?"

"நான்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"அந்தப் பையனை உனக்குத் தெரியும்தானே?"

"எந்தப் பையனை?"

அவள் சொன்னாள். நண்பகல், ஞாயிற்றுக்கிழமை, செமாராங், மூடிய மடிக்கணினி எல்லாவற்றையும் அடுக்கினாள். சொல்லும்போதே அது மனதுக்குள் இருந்த அளவுக்குப் பலமாக இல்லை என்று அவளுக்குப் பட்டது. ஆனாலும் நிறுத்தவில்லை. லிந்தாங் கடைசிவரை கேட்டான்.

"சரி, அவனே கருமணலா இருக்கட்டும். அவன் அனுப்பினதைப் படிச்சியா?"

"படிக்கவேண்டியதில்ல."

"அவன் யாருன்னு கண்டுபிடிக்க இத்தனை நாள் செலவழிச்சிருக்கே. என்ன எழுதியிருக்கான்னு பாக்க அரைநாள் போதும். உன் வீடு, உன் சாவி. நல்லா இரு."

அவன் வைத்துவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

அதன்பிறகு அவள் யாரையும் நம்பவில்லை. ஒவ்வொரு நாளும் பதிவுகளைத் திறந்து, தன் பெயரைத் தவிர வேறு பெயர் நுழைந்திருக்கிறதா என்று தேடினாள். கொட்டகைக் கணினியின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு பாக் சுமார்திக்குச் சொல்ல மறந்தாள். மின்சாரம் போய் வந்தபோது கணினியைத் திறக்க முடியாமல் அவர் முந்திலான்வரை ஸ்கூட்டரில் வந்து, நனைந்த சட்டையோடு வாசலில் நின்றார்.

"என்மேலயும் சந்தேகமாம்மா?"

இல்லை பாக் என்றாள். புதிய கடவுச்சொல்லைச் சொல்லி அவரைக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டுத் தானும் பின்னாலேயே போனாள்.

அன்று பிற்பகல் மறுபடி சைரன் ஊதியது. இந்த முறை அவள் கொட்டகை வாசலிலேயே நின்று ஆற்றைப் பார்த்தாள். இதுவரை அவள் பார்த்ததெல்லாம் திரையில் சிவக்கும் எண்களைத்தான். கீழே, ஆற்றின் கருப்பு மடியில், மண்வெட்டிக்காரர்களில் சிலர் கரையை நோக்கி நடந்தார்கள். ஓடவில்லை, நடந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்று லாரியில் மணல் வீசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவள் இருந்த பக்கம் திரும்பி, மண்வெட்டியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். கேலி என்றுகூடச் சொல்லமுடியாது. சொந்தக்காரர் வீட்டு நாய் குரைத்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

தண்ணீர் வரவில்லை. நிஜமாக வந்திருந்தால் என்று நினைத்தாள்.

கொட்டகைக்குள் வந்து, கருமணலின் மூன்றாவது திருத்தத்தை முதன்முறையாக வரிவரியாகப் படித்தாள். வரைபடத்தைத் திறந்தாள். பொய் எச்சரிக்கை வந்த ஒவ்வொரு பிற்பகலும் மேல் சென்சார் சொன்ன மட்டம் அதில் இருந்தது. எண்கள் எல்லாம் அவள் வைத்திருந்த பொதுப் பதிவிலிருந்தே எடுத்தவை. மட்டம் ஒரு நொடியில் ஆள் உயரம் ஏறுகிறது, அடுத்த நொடியில் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. கீழே எழுதியிருந்தது: தண்ணீர் இப்படிக் குதிக்காது. சென்சாருக்கும் ஆற்றுக்கும் நடுவே ஏதோ ஆடுகிறது. யாராவது பிற்பகலில் போய்ப் பாருங்கள்.

பாக் சுமார்தி மாதாமாதம் தொங்குபாலத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்றுதான் சொல்லுவார். எப்போது போவீர்கள் என்று கேட்டாள். காலையில், வெயிலுக்கு முன்னால், என்றார். நாளை பிற்பகல் போகலாமா என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. கடவுச்சொல்லின் கோபம் இன்னும் முகத்தில் இருந்தது, ஆனாலும் வந்தார்.

சலாக் பழத் தோட்டங்களுக்கு நடுவே ஏறிப் போனார்கள். பாலத்தில் நின்றபோது காற்றே இல்லை. சென்சார் சுத்தமாகத் தொங்கியது. அதன் கீழே நேராக ஆறு. வெனிங் உள்ளுக்குள் மறுபடி கசந்தாள். பார்த்தாயா, பொய், என்று. அப்போது மலைப்பக்கம் மேகம் இறங்கி, பள்ளத்தாக்கில் காற்று புறப்பட்டது. மழையில் வேர் தளர்ந்து கரையிலிருந்து ஆற்றுக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு மூங்கில் புதர் மெல்ல அசைந்தது. அதிலிருந்து ஒரு கழி, தழையோடு, சென்சாரின் நேர்கீழே வந்து வந்து போனது. சென்சார் தழையைத் தண்ணீர் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

"அட சனியனே. காலையில நீ நல்ல பிள்ளையா நிப்பியே," என்றார் பாக் சுமார்தி மூங்கிலைப் பார்த்து. அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

கருமணல் சொன்ன நோய் சரி. ஆனால் சொன்ன மருந்து? அது இப்போதும் மணல்காரர்களின் நேரத்தைத்தான் தின்றது. வெனிங் வீட்டுக்கு வந்து எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதினாள். மூங்கிலைப் பார்த்தோம், வெட்டிவிட்டோம், நீங்கள் கண்டுபிடித்ததற்கு நன்றி. ஆனால் தடுப்பணை சொல்லும்வரை காத்திருக்கும் திருத்தத்தைச் சேர்க்கமாட்டேன். அந்த நேரத்தில் ஆட்கள் சாவார்கள். இது யாருக்கு நல்லது என்று நீங்களே சொல்லுங்கள்.

பதில் திரையில் வரவில்லை. மறுநாள் ராகிலே கொட்டகைக்கு வந்து நின்றான். கையில் தலைக்கவசம். உள்ளே வரலாமா என்று கேட்டான். பாக் சுமார்தி இருவருக்கும் டீ வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார்.

"நான்தான் அக்கா."

"தெரியும். அப்பா என்ன சொல்லி அனுப்பினார்?"

அவன் மழுப்பவில்லை. "அலாரம் குறையணும்னார். எப்படிக் குறைச்சாலும் சரின்னார்."

"அப்ப நான் சந்தேகப்பட்டது சரிதான்."

"பாதி சரி. அவர் சொல்றதுக்கு முன்னாடியே ரெண்டு திருத்தம் அனுப்பியிருந்தேனே. சைரன் அடிச்சும் எங்க ஆளுங்க ஆத்துலயே நிக்கறாங்க அக்கா. நான் தினம் பாக்கறேன். அது எனக்குப் பயமா இருக்கு. அதுக்கு அந்த வழிதான் தோணிச்சு."

"பேரைச் சொல்லிட்டு வந்திருக்கலாமே?"

"த்ரிஹார்ஜோ மகன்னு போட்டிருந்தா ஒரு வரியாவது படிச்சிருப்பீங்களா?"

படித்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தாள். பேர் போடாமல் வந்ததையே அவள் படிக்கவில்லை. டீயை எடுத்துக் குடித்தாள்.

அவனை நம்பினாளா என்றால், இல்லை. ஆனால் வேலையை ஆரம்பித்தார்கள். மேல் சென்சார் மட்டும் ஏறினால் சைரன் வேண்டாம், கைபேசிக்கு "வண்டியைத் திருப்பு" என்று ஒரு செய்தி மட்டும் போகட்டும் என்றாள் அவள். இரண்டு செய்தி என்றால் முதல் செய்தியை எவனும் மதிக்கமாட்டான் என்றான் அவன். அப்படியானால் தடுப்பணைக்காகக் காத்திருக்காமல், மேல் சென்சார் தண்ணீர் ஏறுகிற மாதிரி ஒழுங்காக ஏறிக்கொண்டே போனால் உடனே சைரன் என்று வைப்போமா என்றாள். குதித்தால் அது தண்ணீர் இல்லை, தொண்டர்களுக்குச் செய்தி போகட்டும், யாராவது போய்ப் பார்க்கட்டும் என்று அவன் சேர்த்தான். எவ்வளவு நேரம் ஏறினால் ஒழுங்கு என்பதில் சண்டை வந்தது. அவன் நீட்டச் சொன்னான், அவள் சுருக்கச் சொன்னாள். அவன் நீட்டச் சொல்லும்போதெல்லாம் அவன் பின்னால் சிகரெட்டோடு அவனுடைய அப்பா நிற்பதுபோல அவளுக்குத் தெரிந்தது. கடைசியில் பழைய லஹார்களின் பதிவை எடுத்து இருவரும் ஓட்டிப் பார்த்தார்கள். அவள் சொன்னதைவிடக் கொஞ்சம் அதிகம், அவன் சொன்னதைவிட மிகக் குறைவு என்று வந்தது.

இருவரும் தனித்தனியாக வீட்டில் உட்கார்ந்து அதே வரிகளை ஆளுக்கொரு விதமாக மாற்றியிருந்தார்கள். ஒன்று சேர்க்கப் போனபோது கிட் மறுத்துவிட்டது. இவர் ஒன்று சொல்கிறார், அவர் ஒன்று சொல்கிறார், யார் சொல்வதை எடுக்க என்று இரண்டையும் மேலும் கீழுமாக வைத்துக் காட்டியது. வெனிங் இதற்குமுன் தனியாகவே வேலை செய்தவள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. 'என்னுடையதையே எடு' என்று ஒரு வழி இருப்பது தெரிந்தது. விரல் அங்கே போனது. ராகில் எதை இழப்பான் என்று தெரியாமல் அதைத் தட்ட மனம் வரவில்லை. வேறு வழியில்லாமல் லிந்தாங்கைக் கூப்பிட்டாள்.

அவன் எடுத்தான். பழைய பேச்சு எதையும் கிளறாமல், எந்த வரியில் தகராறு, இரண்டில் எதிலிருந்து எது வேண்டும் என்று பொறுமையாகக் கேட்டுக் கேட்டு முடித்துக் கொடுத்தான். வைக்கப்போகும்போது அவள் சொன்னாள்.

"உன்கிட்ட கேக்காம உன் பேரை எடுத்தது தப்பு. மறுபடி போட்டுடறேன்."

"இப்ப வேண்டாம். போட்டா தினமும் எழுந்து என் பேர் எங்க எங்க இருக்குன்னு பாப்பே. அந்த ஆசை போனப்புறம் சொல்லு."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் சொன்னது உண்மைதான். சரியாக ஒரு மழைக்காலம் கழித்துத்தான் அவன் பெயர் திரும்ப வந்தது.

சேர்க்கும்போது ராகில் கருமணல் என்பதை நீக்கிவிட்டுத் தன் முழுப்பெயரைப் போட்டான். வேண்டாமே, அப்பா பார்ப்பாரே என்று அவளே சொன்னாள். அவன் கேட்கவில்லை.

அந்தத் திருத்தம் சேர்ந்தபின் பொய்யாக ஒருமுறைகூட ஊதவில்லை. ஊதாததும் அவளுக்குச் சந்தேகமாகவே இருந்தது. ஊதவேண்டிய நாளிலும் ஊதாமல் போனால்? ராகில் எழுதிய வரிகளை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். எங்காவது ஒரு மூலையில் கிடங்குக்கு ஒரு சலுகை ஒளிந்திருக்குமோ என்று தேடினாள். கிடைக்கவில்லை. அவள் எழுதியதில்தான் ஒரு பிழை இருந்தது. அதை ராகில் கண்டுபிடித்தான். கைபேசி எண்ணில் இடைவெளி விட்டு எழுதியிருந்தால் செய்தி போகாது. அவன் கிடங்கில் எழுதிக் கொடுத்த எண்கள் பாதி அப்படித்தான் இருந்தன. அவள் சந்தேகத்தோடு வாங்கி வந்த, சரிபார்க்காத எண்கள்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகல், மலையுச்சியில் மட்டும் மழை கொட்டியது. மேல் சென்சார் ஏறத் தொடங்கியது. குதிக்கவில்லை. படியேறுகிறவர் மாதிரி நிதானமாக ஏறியது. சைரன் ஊதியது. கொட்டகை வாசலில் நின்ற வெனிங் பார்த்தாள். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவர் கைபேசியை எடுத்துப் பார்த்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். அவரைப் பார்த்து இன்னொருவர். த்ரிஹார்ஜோவின் மண் அள்ளும் இயந்திரத்தை ஓட்டியவர் அதைக் கரையேற்ற முயன்றார். கரையில் நின்ற ராகில் விடு விடு என்று கைகளை ஆட்டினான். அவர் குதித்து ஓடி வந்தார். வளைவில் சத்தம் கேட்டது, பிறகு கருப்பாக அது வந்தது. ஆற்றில் ஆள் யாரும் இல்லை. மஞ்சள் இயந்திரம் ஒருபக்கமாகச் சாய்ந்து, மெதுவாகச் சேற்றுக்குள் புதைந்தது.

இரண்டு நாள் கழித்து பாக் த்ரிஹார்ஜோ கொட்டகைக்கு வந்தார். வெனிங் சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றாள். இயந்திரம் போன கணக்கை மகன் தலையிலும் தன் தலையிலும் கட்டத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவர் உட்காராமல் கைபேசியை அவள் முன் நீட்டினார். திரையில் தித்திரின் பதிவுகள். ராகில் த்ரிஹார்ஜோ, ராகில் த்ரிஹார்ஜோ என்று வரிசையாக.

"இதுல என் பையன் பேர் எதுக்கும்மா?"

"அவர் எழுதினது பாக். எழுதினவர் பேர் இருக்கும்."

"அழிச்சுடேன்."

"அழிக்க முடியாது. அழிச்சாலும், அழிச்சேன்னு அதுலயே இருக்கும்."

மற்றக் கிடங்குக்காரர்கள் சிரிக்கிறார்களா என்று கேட்க நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. சிரித்த முகம் காணாமல் போயிருந்தது. சிகரெட்டைப் பற்றவைக்காமலே விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இந்த மிஷின் ஊதாம ஒருத்தன் செத்தான்னு வெச்சுக்கோ. ஊர் இதைத் திறந்து பாக்கும்தானே? அப்ப இவன் பேர்தானே நிக்கும்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. லாரியைப் பற்றியும் மணலைப் பற்றியும் எப்போது பேசுவார் என்றுதான் காத்திருந்தாள். அவர் கையிலிருந்த கைபேசியைச் சுட்டிக் காட்டினாள்.

"அவர் எழுதின ஒவ்வொண்ணையும் நான் படிச்சுட்டுத்தான் சேத்தேன் பாக். அதுக்குக் கீழ என் பேரும் இருக்கும். பாருங்க."

அவர் கைபேசியைத் தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ராகில் எழுதியது, வெனிங் சேர்த்தது. அடுத்ததற்குத் தள்ளினார். வெனிங் எழுதியது, ராகில் பார்த்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தார். அவள் சொல்வதை அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் நீட்டிய டீயை வாங்கிக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். பாக் சுமார்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து, இயந்திரத்தை எப்படித் தோண்டி எடுப்பது, கோடை வரட்டும், அடியில் மணல் இறுகுவதற்குள் பார்க்கவேண்டும் என்று பேசத் தொடங்கினார்.

உள்ளே வெனிங்கின் திரையில் ராகிலிடமிருந்து ஒரு கேள்வி வந்திருந்தது. நேற்று அவள் பதிந்த ஒரு வரியைக் காட்டி, இது எதற்கு, புரியவில்லை என்று கேட்டிருந்தான். அவளுக்கு எரிச்சல் வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காரணத்தை எழுத ஆரம்பித்தாள்.